திக்கி நின்றதா, திடீரென்று நின்றதா?

திருச்சிராப்பள்ளியில் டி.வி.எஸ். டோல்கேட் என்று ஓரிடம் உண்டு. நகரப் பேருந்தின் நடத்துனர் அப்பெயரைக் கூவும்போது ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அதன் பொருளைப் பற்றிச் சிந்திப்பதில்லை; ஆயினும், சாலையில் செல்லும் வண்டிகளை மறித்துச் சுங்கம் வாங்கிய ஒரு காலத்தையும், அதே சாலையோரத்தில் மோட்டார் வண்டிகளைப் பழுது பார்ப்பதற்கென்று பெரிய தொழிற்கூடம் எழுந்த இன்னொரு காலத்தையும் ஒரே பெயருக்குள் அடக்கி வைத்திருக்கும் அவ்விடம், இந்நகரத்தின் மோட்டார் விருத்தாந்தத்துக்கு நல்லதொரு முகவுரையாகும். 1931ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் மோட்டார் வண்டி வரிச் சட்டம் வந்த பிறகு, உள்ளூர் ஸ்தாபனங்கள் மோட்டார்களை நிறுத்தித் தனித்தனியே சுங்கம் வசூலிக்கும் வழக்கம் ஒழிந்தது. சாவடி போயிற்று, பெயர் நின்றது. கொள்ளிடத்தின் வடகரையில் நம்பர் ஒன் டோல்கேட் என்ற பெயரும் அவ்வாறே நின்றது.

இக்கட்டுரையில் நான் எழுத எண்ணியது சாலைகளைப் பற்றியோ வண்டிகளைப் பற்றியோ அன்று. வண்டி பழுதானால் அதன் உடைமைக்காரரோ ஓட்டுநரோ பட்டறைக்குச் சென்று, அங்கே கையில் எண்ணெய்க் கறையோடு நிற்கும் மனிதரிடம் குறையைச் சொல்கிறார் அல்லவா, அந்தச் சம்பாஷணையைப் பற்றியே எழுத விரும்புகிறேன். அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் அது ஒரு நூறாண்டுக் காலம் வளர்ந்து, ஒரு தனிப் பாஷையாகவே முதிர்ந்து, எங்கள் தலைமுறையில் தேயத் தொடங்கியது.

மோட்டார் வருவதற்கு முன்னர் இந்த ஊரில் சவாரி என்றால் குதிரை பூட்டிய ஜட்கா. குதிரையை அறிந்தவரிடம் குதிரை நொண்டுகிறது என்று சொன்னால் அவர் உடனே குளம்பைத் தூக்கிப் பார்த்துவிட மாட்டார். எந்தக் கால், எத்தனை நாளாக, கெட்டித் தரையில் நொண்டுகிறதா, மணலில் நொண்டுகிறதா என்று கேட்பார். கல் பாவிய தெருவில் நொண்டி மணலில் சரியாக நடந்தால் கோளாறு குளம்பிலோ எலும்பிலோ இருக்கலாம். மணலில் அதிகமானால் தசைநாரில் தேட வேண்டும். வைத்தியன் கையை வைப்பதற்கு முன் காதைக் கொடுக்க வேண்டும் என்ற இந்த ஒழுங்கு, இரும்பு யந்திரங்கள் வந்த பின்னரும் மாறவில்லை.

இரும்பு யந்திரம் முதன்முதலில் இங்கே வந்தது தண்டவாளத்தின் மேல். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாக வந்த ரயில் பாதை 1862இல் திருச்சியைத் தொட்டது. பின்னர் தென்னிந்திய ரயில்வே என்று பெயர் பெற்ற கம்பெனி, நாகப்பட்டினத்தில் இருந்த தன் பெரிய தொழிற்சாலையை 1928இல் திருச்சிக்கு அருகே பொன்மலைக்கு மாற்றிற்று. அந்த மாற்றம் இவ்வூரின் குணத்தையே மாற்றிவிட்டது என்பது என் அபிப்பிராயம். கடைசலும் பற்றவைப்பும் தெரிந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஓரிடத்தில் குடியேறினால், அவர்களுடைய பிள்ளைகளின் விளையாட்டுப் பேச்சிலும் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பாகம் என்ற கணக்கு புகுந்துவிடும். நீலகிரி மலை ரயிலுக்கான நீராவி எஞ்சின்களை இந்த நூற்றாண்டிலும் புதிதாகச் செய்து கொடுக்கும் ஆற்றல் பொன்மலைக்கு இருக்கிறது என்றால், அது ஒரே நாளில் வந்த வித்தை அன்று.

எஞ்சின் ஷெட்டுகளில் ஒரு புத்தகம் இருந்தது. பயணம் முடித்து எஞ்சினை ஒப்படைக்கும் டிரைவர், வீட்டுக்குப் போகுமுன் அந்தப் புத்தகத்தில் தாம் கண்ட குறைகளை எழுதிக் கையொப்பமிட வேண்டும். அதைப் படித்து வேலை செய்த ஃபிட்டர், செய்ததை எழுதித் தம் கையொப்பத்தை அதன் எதிரே இடவேண்டும். ‘எஞ்சின் சரியில்லை’ என்று எழுதுகிற டிரைவரை அந்த உலகம் மதிக்காது. எந்தப் பக்கத்துப் பேரிங் சூடாயிற்று, எந்த ஏற்றத்தில் நீராவி போதாமல் போயிற்று என்று எழுதினால்தான், இரவில் விளக்கின் துணையோடு வேலை செய்கிற, தன் முகத்தை ஒருபோதும் பார்க்காத ஒரு ஃபிட்டருக்கு அது பயன்படும். நேரில் நின்று விளக்க முடியாத ஒருவருக்காக எழுதும்போதுதான் மனிதன் தெளிவாக எழுதக் கற்கிறான்.

சாலை மோட்டாரின் கதை வேறொரு திசையிலிருந்து வருகிறது. திருநெல்வேலிச் சீமையில் திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார், ரயில்வேயிலும் பிறகு வங்கியிலும் உத்தியோகம் பார்த்துவிட்டு, அவற்றைத் துறந்து 1911இல் மதுரையில் தம் பெயரால் ஒரு கம்பெனியைத் தொடங்கி, அடுத்த ஆண்டே பஸ் ஓட்டத் துணிந்தார். அவருடைய பஸ்கள் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று ஜனங்கள் சொல்வதுண்டு. அந்தச் சொல்லில் மிகை இருந்தாலும், நேரம் தவறாமல் பஸ் ஓடவேண்டுமானால் பஸ் நடுவழியில் நிற்கக் கூடாது, நிற்காமல் இருக்கவேண்டுமானால் நிற்பதற்கு முன்பே அதன் நோய் தெரிந்திருக்க வேண்டும் என்ற நியாயம் அதில் அடங்கியிருக்கிறது. மதுரைக்குப் பின் திருச்சியிலும் அக்கம்பெனியின் தொழிற்கூடம் அமைந்தது. அதுவே நான் முதலில் சொன்ன டோல்கேட்டுக்குத் தன் பெயரைக் கொடுத்தது.

அக்காலத்தில் கார் வைத்திருந்த மிராசுதாரரும் வக்கீலும் டாக்டரும் பின் இருக்கையில் அமர்ந்தார்கள். முன்னே இருந்தவர் டிரைவர். அவர் வண்டியை ஓட்டியவர் மட்டுமல்லர். காலையில் துடைத்து, தண்ணீர் ஊற்றி, ஆயில் பார்த்து, கைப்பிடியைச் செருகிச் சுற்றிக் கிளப்பி, இரவில் கொட்டகையில் விட்டுவிட்டு அதன் பக்கத்துத் திண்ணையிலேயே படுத்துக்கொண்டவர். பிரெஞ்சு மொழியில் டிரைவரைக் குறிக்கும் ஷோபர் என்ற சொல்லுக்குக் கொதிகலனுக்குச் சூடேற்றுபவன் என்பதே முதற்பொருள். குழந்தையின் அழுகையில் பசி எது, வலி எது என்று தாய்க்குத் தெரிவதுபோல், தினமும் கேட்கும் சப்தத்தில் நேற்றில்லாத ஒரு சிறு வேறுபாடு இன்று புகுந்தால் அந்த டிரைவருக்குத் தெரிந்துவிடும். பட்டறையில் அவரும் மேஸ்திரியும் பேசிக்கொள்ளும்போது எஜமானர் வெறுமே நின்றுகொண்டிருப்பார். மேஸ்திரி என்ற சொல்லே போர்த்துக்கீசியரின் மெஸ்த்ரே என்பதிலிருந்து வந்தது. ஆசான் என்பது அதன் பொருள்.

பஸ் கம்பெனிகள் பெருகியதும் இந்தப் பேச்சு எழுத்திலும் ஏறிற்று. டி.எஸ்.டி. என்று மூன்றெழுத்தால் வழங்கிய திருச்சி–ஸ்ரீரங்கம் டிரான்ஸ்போர்ட் கம்பெனி, கும்பகோணத்தைச் சேர்ந்த ராமன் அண்டு ராமன் ஆகியவற்றின் வண்டிகள் இப்பிரதேசத்துச் சாலைகளை ஆண்ட காலம் அது. ஒரே வண்டியைக் காலையில் ஒருவரும் மாலையில் ஒருவரும் ஓட்டும்போது, முன்னவர் கண்ட குறை பின்னவருக்கும் மெக்கானிக்குக்கும் தெரியவேண்டும். வாயால் சொன்னது காற்றோடு போகும் என்பதால் டெப்போவில் எழுதி வைக்கும் பழக்கம் வேண்டியதாயிற்று. 1972இல் அரசாங்கம் சோழன் போக்குவரத்துக் கழகத்தை அமைத்துத் தனியார் பஸ்களை எடுத்துக்கொண்ட பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை.

இரண்டாம் உலகப் போர் இந்தக் கலையைக் கடுமையாகச் சோதித்தது. பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, மரக்கரியை எரித்து அதிலிருந்து எழும் வாயுவால் எஞ்சினை ஓட்டும் சாதனத்தை சுந்தரம் ஐயங்காரின் கம்பெனி செய்து விற்றது. கரி வாயு பஸ் என்று எங்கள் வீட்டு முதியவர்கள் அதைச் சொல்வார்கள். வாயுவைச் சல்லடையில் வடிகட்டி, குளிரவைத்து எஞ்சினுக்குள் அனுப்பவேண்டும்; சாம்பலும் தாரும் குழாயில் படிந்தால் இழுவை குறையும், கரி ஈரமாக இருந்தாலும் இழுவை குறையும், எங்கேனும் ஓர் இணைப்பில் காற்று புகுந்தாலும் இழுவை குறையும். மூன்று வெவ்வேறு நோய்களுக்கு ஒரே குறி. ‘ஏத்தத்துல இழுக்கலை’ என்று சொல்வதோடு டிரைவர் நிறுத்திக்கொண்டால் மேஸ்திரி மூன்றையும் கழற்ற வேண்டியிருக்கும். புறப்பட்ட உடனே இழுக்கவில்லையா, பத்து மைல் ஓடிய பிறகு இழுக்கவில்லையா, புது மூட்டை கரி கொட்டிய பிறகா என்று சேர்த்துச் சொன்னால் ஒன்றைக் கழற்றினால் போதும்.

சுதந்திரத்துக்குப் பின் வந்த காலமே இந்தப் பாஷையின் பொற்காலம் என்பேன். இந்நாட்டிலேயே பாகங்களைச் செய்யாமல் வெளிநாட்டிலிருந்து கொணர்ந்து பூட்டிமட்டும் விற்ற கம்பெனிகள் 1953க்குப் பின் விலக நேர்ந்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் போயின. எஞ்சியவை மூன்று: 1957 முதல் அம்பாசடர் என்று பெயர் கொண்ட உத்தரபாராவின் வண்டி, பம்பாயில் செய்த ஃபியட், சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961இல் கொண்டுவந்த ஹெரால்டு. புதிய வண்டிக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே இருக்கிற வண்டியை இருபது ஆண்டு ஓட்டவேண்டும். உடைந்த பாகத்தை லேத்தில் கடைந்து மறுபடியும் பொருத்தவேண்டும். தேவையற்ற ஒரு பாகத்தைக் கழற்றி மாற்றுவது பணத்துக்கும் கேடு, பாகம் கிடைக்காவிட்டால் வண்டிக்கும் கேடு. இந்த வறுமையினால்தான் மேஸ்திரிகள் கேள்வி கேட்பதில் நிபுணர்களானார்கள்.

அவர்களில் ஒருவரை நான் சிறுவயதில் அறிவேன். பாலக்கரையில் ஒரு பூவரச மரத்தடியில் அவருடைய பட்டறை இருந்தது. எல்லாரும் பாய் என்றே அழைத்தார்கள். எங்கள் வீட்டில் ஓர் அம்பாசடர் இருந்தது. காவேரியின் குறுக்கே புதிய பாலம் 1976இல் திறக்கப்பட்டு இரண்டு மூன்று ஆண்டுகள் சென்றிருக்கும். சித்திரைத் தேர் பார்க்க ஸ்ரீரங்கம் போனபோது, பாலத்தைக் கடந்து மாம்பழச்சாலைக் கூட்டத்தில் ஊர்ந்துகொண்டிருந்த வண்டி நின்றுவிட்டது. அப்பா வண்டியை ஓரமாகத் தள்ளச் செய்து, என்னை ஒன்றாம் நம்பர் டவுன் பஸ்ஸில் ஏற்றிப் பாயை அழைத்து வரும்படி அனுப்பினார். வியர்த்து விறுவிறுத்துப் போய் நின்றேன்.

“பாய், வண்டி நின்னுபோச்சு. அப்பா கூட்டிட்டு வரச் சொன்னாங்க.”

அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். “நின்னுச்சு சரி தம்பி. டக்குனு அணைஞ்சுச்சா, இல்ல திக்கித் திக்கி அணைஞ்சுச்சா?”

எனக்கு நினைவைத் திரும்பக் கூட்டவேண்டியிருந்தது. திக்கிற்று, இரண்டு முறை குலுங்கிற்று, அப்பா காலை அழுத்தினார், பிறகுதான் நின்றது.

“செல்ஃப் எடுத்துச்சா?”

“எடுத்துச்சு பாய். கிளம்பத்தான் இல்ல.”

“எவ்வளவு நேரமா வெயில்ல நகர்ந்துக்கிட்டு இருந்தீங்க? பெட்ரோல் எப்பப் போட்டது?”

அரை மணி நேரம் என்றேன். காலையில்தான் போட்டது என்றேன். அவர் புறப்படவில்லை. ஒரு பழைய துணியைக் கிழித்து என் கையில் கொடுத்து, அதைக் காவேரித் தண்ணீரில் நனைத்து எஞ்சின் பக்கவாட்டிலிருக்கும் பெட்ரோல் பம்பின் மேல் சுற்றி வைக்கும்படியும், கால் மணி கழித்துக் கிளப்பும்படியும், அப்படியும் கிளம்பாவிட்டால் தாம் வருவதாகவும் அப்பாவிடம் சொல்லச் சொன்னார். திரும்பி வந்து அவ்வாறே செய்தோம். வண்டி கிளம்பிற்று.

அதன் சூட்சுமம் பிற்காலத்தில்தான் எனக்கு விளங்கியது. ஊர்ந்து செல்லும் வண்டியில் எஞ்சின் கூட்டுக்குள் காற்றோட்டம் குறைந்து, சித்திரை வெயிலும் சேர்ந்து, பம்பிலும் குழாயிலும் உள்ள பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்பு திரவத்தைத் தள்ளும்; ஆவியைத் தள்ளாது. கார்பரேட்டருக்கு எரிபொருள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால் எஞ்சின் திக்கி அணைகிறது. மின்பொறி கொடுக்கும் பக்கத்தில், காயிலிலோ கண்டென்சரிலோ கோளாறு என்றால், விளக்கின் பொத்தானை அமர்த்தியதுபோல் ஒரே கணத்தில் அணைவதே பெரும்பாலும் வழக்கம். இரண்டு கோளாறுகளும் சூட்டில்தான் வரும், இரண்டும் ஆறிய பிறகு தாமே சரியாகிவிடும்; ஆகையால் வண்டியை ஆறவிட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோய் நிறுத்தினால் மேஸ்திரி பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமே இராது. நோய் இருக்கும்போது உடனிருந்தவர் சொல்லும் சொல் ஒன்றே அவருக்குச் சாட்சி. அந்தச் சாட்சியத்தை ஒரு பன்னிரண்டு வயதுப் பையனிடமிருந்து நான்கு கேள்விகளில் வாங்கிய அம்மனிதர் பள்ளிக்கூடத்தில் எத்தனை வகுப்புப் படித்தார் என்பது எனக்குத் தெரியாது. விசாரணை என்ற கலையில் அவரை விடச் சிறந்த உபாத்தியாயரை நான் பிற்காலத்தில் சந்திக்கவில்லை.

அந்தப் பட்டறையில் பிறகு பல மாலைகளைக் கழித்தேன். அங்கே கேட்ட கேள்விகளை இன்றும் சொல்ல முடியும். சத்தம் வருகிறது என்று ஒருவர் சொன்னால், வண்டி நிற்கும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சத்தம் ஏறுகிறதா, அல்லது நியூட்ரலில் உருளும்போதும் இருக்கிறதா என்பார். முன்னது எஞ்சின், பின்னது சக்கரம் அல்லது ஆக்ஸில். கிளட்சை மிதித்தால் சத்தம் பிறக்கிறதா, மறைகிறதா என்பார். பிறந்தால் கிளட்சின் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மறைந்தால் கியர்ப் பெட்டிக்குள் தேடவேண்டும். சக்கரத்தில் ஊளைச் சத்தம் என்றால், வலப்பக்கம் திருப்பும்போது கூடுகிறதா, இடப்பக்கம் திருப்பும்போதா என்பார். திருப்பத்தில் பாரம் எதிர்ப்பக்கத்துச் சக்கரத்தில் இறங்குவதால், வலப்பக்கம் திரும்பும்போது கூடும் ஊளை இடச் சக்கரத்துப் பேரிங்கைக் காட்டும். சூடாகிறது என்றால், கூட்டத்தில் ஊரும்போதா, சமயபுரம் தாண்டி வேகமாகப் போகும்போதா என்பது முதற் கேள்வி. ஊரும்போது என்றால் விசிறியையும் பெல்ட்டையும் பார்ப்பார். வேகத்தில் என்றால் ரேடியேட்டர் அடைத்திருக்கிறதென்று கொள்வார். உடனே அடுத்த கேள்வி வரும்: “என்ன தண்ணி ஊத்துறீங்க? காவேரித் தண்ணியா, போர் தண்ணியா?” போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படியும் என்பதை ஒவ்வொருவருக்கும் சளைக்காமல் சொல்வார்.

புகையைப் பற்றிய விசாரணை இன்னும் அழகு. கறுப்பா, நீலமா, வெள்ளையா? கறுப்பென்றால் பெட்ரோல் அதிகம், சோக் திறக்காமல் இருக்கலாம். வெள்ளை நிற்காமல் வந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் கசிகிறது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. ஆனால் அதோடு முடியாது. காலையில் கிளப்பியவுடன் ஒரு கொத்து நீலப் புகை வந்து பிறகு தெளிந்துவிட்டால் வால்வு கைடு தேய்ந்திருக்கிறது, அது பொறுக்கக்கூடிய வியாதி. காலை அழுத்தும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் போய்விட்டது, அது செலவு வைக்கும் வியாதி. ஒரே நிறத்துக்கு இரண்டு அர்த்தம், பிரிப்பது நேரம். இதை அறியாதவர் ‘புகை வருது பாய்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், மறுநாள் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது வந்து தம் முன்னிலையில் கிளப்பும்படி பாய் சொல்லி அனுப்புவாரே தவிர, ஸ்பானரைத் தொட மாட்டார்.

தமிழ் வினைச்சொற்கள் இந்த விஷயத்தில் எவ்வளவு வளமானவையோ அவ்வளவு மயக்கம் தருபவை. ‘இழுக்கலை’ என்றால் எஞ்சினுக்கு வலு இல்லை. ‘இழுக்குது’ என்றால் பிரேக் பிடித்தவுடன் வண்டி ஒரு பக்கமாகச் சாய்கிறது. ‘அடிக்குது’ என்ற ஒரு சொல் ஜெர்க்குக்கும் வரும், எஞ்சின் தட்டும் ஓசைக்கும் வரும், ஸ்டியரிங் நடுக்கத்துக்கும் வரும், பெட்ரோல் வாடைக்கும் வரும். ‘ஆயில் குடிக்குது’, ‘மூச்சு முட்டுது’, ‘மிஸ்ஸிங் இருக்கு’ என்பவை அப்படியல்ல. திருச்சியிலும் மதுரையிலும் சேலத்திலும் ஒரே பொருளைத் தரும் பரிபாஷைகளாகிவிட்டன. அகராதி தொகுப்போர் இவற்றைப் பட்டறைகளில் உட்கார்ந்து திரட்டினால் மொழிக்குப் பெரிய உபகாரம் செய்தவர்களாவார்கள்.

நெடுஞ்சாலையில் லாரி நின்றால் வேறொரு வழக்கம். தொலைபேசி கைக்கெட்டாத நாளில், டிரைவர் வண்டிக்குக் காவலாக இருக்க, கிளீனர் உடைந்த பாகத்தையே கழற்றிக் கோணியில் சுற்றி, வருகிற லாரியில் தொற்றிக்கொண்டு திருச்சிக்கு வருவான். உதிரிபாகக் கடையில் வாய்ச்சொல்லை விட ‘சாம்பிள்’ மேலானது. ஆனால் நல்ல டிரைவர் கிளீனரிடம் சாம்பிளோடு ஒரு துண்டுக் காகிதமும் கொடுத்தனுப்புவார்: வண்டி என்ன மாடல், எந்த வருஷத்தது, இந்தப் பாகம் இதற்குமுன் மாற்றியதா, கம்பெனியில் வந்தபடியே இருந்ததா. ஒருமுறை மாற்றிய பாகம் வேறு வண்டியினுடையதாக இருக்கலாம். அதைச் சாம்பிளாக வைத்து வாங்கினால் தவறு இரண்டாவது முறையும் தொடரும். இந்த ஒரு துண்டுக் காகிதத்தினால் நூறு மைல் அலைச்சல் மிச்சமாகும்.

எல்லாக் கேள்விகளிலும் பதில் வரத் தயங்கிய கேள்வி ஒன்று உண்டு. “கடைசியா யார் கை வச்சது?” அநேகர் இதற்கு மழுப்புவார்கள். வேறு பட்டறைக்குப் போனதைச் சொன்னால் பாய் மனம் நோவார் என்ற தாட்சண்யம். தாமே திறந்து பார்த்துக் கெடுத்துக்கொண்டதைச் சொல்லக் கூச்சம். ஆனால் நேற்று நன்றாக இருந்த வண்டி இன்று கெட்டால், நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவே தொடப்பட்ட இடத்தைத்தான் முதலில் பார்க்கவேண்டும். பிளக் கம்பிகளை மாற்றிச் செருகியிருந்தால் எஞ்சின் குலுங்கும். நாலு சிலிண்டருக்கும் தீ கொடுக்கும் முறை ஒன்று, மூன்று, நாலு, இரண்டு என்பது. அதில் ஒரு கம்பி இடம் மாறினாலும் போதும். யாரோ கம்பியைக் கழற்றினார்கள் என்ற ஒரு வார்த்தையை மறைத்ததால் கார்பரேட்டர் முழுவதும் பிரிக்கப்பட்டதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். பாய் கோபிக்கவில்லை. “சொல்லியிருந்தா அரை மணி வேலைங்க” என்றார்.

1983 டிசம்பரில் மாருதி வந்தது. உடைமைக்காரர் பின் இருக்கையிலிருந்து முன் இருக்கைக்கு வந்தார், டிரைவர் இறங்கிப்போனார். அவரோடு கைப்பிடி நாட்களிலிருந்து திரண்ட காதறிவும் இறங்கிப்போயிற்று என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. புதிய வண்டி அடிக்கடி கெடாதது. அதனால் அதன் குறையைச் சொல்லிப் பழகவும் சந்தர்ப்பம் இல்லை. 2000ஆம் ஆண்டை ஒட்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபோது கார்பரேட்டரும் ஒழிந்து, எரிபொருளை அளந்து தெளிக்கும் மின்னணு ஏற்பாடு வந்தது. பின்பு, வண்டி தன் குறையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும் ஓபிடி என்ற ஏற்பாடும் வந்தது; ஸ்கேனரைச் செருகினால் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறி தோன்றும். இனி யாரும் எதையும் கேட்க வேண்டாம் என்று பலர் நம்பினார்கள்.

நானும் நம்பினேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சர்வீஸ் நிலையத்தில் வண்டியை விட்டபோது, குறை என்ன என்ற கட்டத்தில் ‘வண்டி இழுக்கவில்லை’ என்று இரண்டு சொல் எழுதிவிட்டு வந்தேன். ஸ்கேனர் எதையும் காட்டவில்லை. கிளட்ச் பிளேட்டை மாற்றிவிட்டார்கள். குறை அப்படியே இருந்தது. பின்பக்கச் சக்கரம் ஒன்றில் பிரேக் விடுபடாமல் பிடித்துக்கொண்டிருந்ததே காரணம். பத்துக் கிலோமீட்டர் ஓட்டியதும் அந்தச் சக்கரம் மட்டும் கை வைக்க முடியாதபடி சுட்டதை நான் முன்பே கவனித்திருந்தேன், ஆனால் சொல்லத் தோன்றவில்லை. பூவரச மரத்தடியில் அத்தனை மாலைகள் இருந்தவன் அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டதை எண்ணி மிகவும் வருந்தினேன்.

யந்திரம் தரும் குறி நோயின் பெயரன்று, நோயின் லட்சணம் மட்டுமே. எரிபொருளுக்குக் காற்று மிகுதி என்று ஸ்கேனர் சொன்னால், எங்கோ ஒரு ரப்பர் குழாய் வெடித்துக் காற்று புகுந்திருக்கலாம். பெட்ரோல் பம்பு சோர்ந்திருக்கலாம். காற்றை அளக்கும் உணர்வியில் அழுக்குப் படிந்திருக்கலாம். இந்த மூன்றில் எது என்பதற்கு, வண்டி காலைக் குளிரில் குலுங்குகிறதா, ஏற்றத்தில் சோர்கிறதா, ஏர் ஃபில்டரை மாற்றிய மறுநாள் தொடங்கியதா என்ற பழைய கேள்விகளையே கேட்கவேண்டியிருக்கிறது. கரி வாயு பஸ்ஸின் காலத்தில் கேட்டவையும் இவைதாம்.

இப்போது ஸ்ரீரங்கத்துத் தெருக்களில் இளைஞர்கள் வண்டியின் முகப்பைத் திறந்து வைத்து, கைபேசியில் எஞ்சின் சப்தத்தைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் மெக்கானிக்குக்கு அனுப்புவதைப் பார்க்கிறேன். எனக்கு அது மகிழ்ச்சி தருகிறது. பாயின் காலத்தில் இப்படி ஒரு வசதி இருந்திருந்தால் அவர் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்! ஆனால் கைபேசியின் ஒலிவாங்கி தாழ்ந்த தொனியைச் சரிவர வாங்குவதில்லை. தெருவின் இரைச்சல் அதன்மேல் ஏறிவிடும். பதிவு செய்த அந்த அரை நிமிஷத்துக்கு முன்னே என்ன நடந்தது என்பதும் அதில் இராது. ஆகவே பதிவோடு நான்கு வரியும் எழுதி அனுப்புங்கள் என்று அவர்களிடம் சொல்வேன்: வண்டியின் மாடலும் வருஷமும் ஓடிய கிலோமீட்டரும், குறை எப்போது முதல், எந்த வேகத்தில், சூட்டிலா குளிரிலா, அதற்குமுன் யார் எதைத் தொட்டார்கள், இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள், அதனால் என்ன மாறிற்று. செய்து பார்த்து மாறாததையும் எழுதவேண்டும், ஏனெனில் மாறாதது எதுவோ அது மெக்கானிக்குக்கு ஒரு வழியை அடைத்து மற்றொரு வழியைத் திறக்கிறது.

பூவரச மரம் இப்போது இல்லை. அந்த இடத்தில் கடைகள் எழும்பிவிட்டன. 2014இல் அம்பாசடர் உற்பத்தியும் நின்றது. பாய் தம் மேசை இழுப்பறையில் ஒரு நீண்ட கணக்கு நோட்டு வைத்திருந்தார். வண்டி எண், வந்த தேதி, வந்தவர் சொன்ன குறை, அவர் வாயில் வந்த வார்த்தையிலேயே. அதற்கு எதிரே, கண்டது இன்னது என்று ஒரு வரி. அது எங்கே போயிற்று என்று விசாரித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் பழைய பட்டறைக்காரர்கள், பஸ் டிரைவர்கள், ரயில்வே ஃபிட்டர்கள் வீட்டுப் பரண்களில் அத்தகைய நோட்டுகள் இன்னும் இருக்கக்கூடும். எண்ணெய்க் கறை படிந்திருந்தாலும், தாள்கள் உதிர்ந்திருந்தாலும், அவற்றை எடைக்குப் போட்டுவிடாமல் எடுத்து வைக்கும்படி அந்தக் குடும்பத்தாரை வேண்டிக்கொள்கிறேன்.